நாற்பத்திரண்டுக்கு இருபத்து மூன்று

கோட்டையூர் வீட்டின் இரண்டாம் கட்டில்
சாக்பீஸால் படகு வரைந்தார் வயிரவன்.
நீளம் நாற்பத்திரண்டடி, அகலம் இருபத்து மூன்று.
இடது வயிறு, வலது வயிறு,
நடுவில் கூடம், முன்னால் வலை.
கோட்டுக்கு வெளியே கடல் என்றார்.
கடலில் ஏற்கெனவே
பழுதான ஒரு மாவரைக்கும் மோட்டாரும்
பங்காளிகளின் மடக்கு நாற்காலி இருநூறும் கிடந்தன.

லங்காவியில் விலை பேசியாயிற்று.
கூடுதலாக எது வேண்டும் என்று
பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.
வசதிகள் என்று தலைப்பிட்டுப் பதினொரு பக்கம்:
ஏசி, ஜெனரேட்டர், துணி துவைக்கும் மிஷின்,
கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி,
ஐஸ் செய்ய ஒரு பெட்டி,
அது செய்கிறதா என்று பார்க்க அதற்குள் ஒரு விளக்கு.

எடை கூடினால் படகு மெதுவாகிவிடும் உமையாள், என்றார்.
சிரித்துவிட்டேன்.
கல்யாணத்தில் என்னோடு வந்த சாமான் பட்டியலில்
கரண்டி மட்டும் நூற்றெட்டு.
அன்றைக்கு யாரும் எடை கேட்கவில்லை.

இருந்தே பார்த்துவிடுவோம் என்றேன்.
ஒன்பது நாள், கோட்டைத் தாண்டாமல்.
நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் தண்ணீர்,
இருவருக்கும் சேர்த்து.
ஒரு விசிறி, ஓர் அடுப்பு.
கழிவறைக்கு மட்டும்
கடல்மேல் நடந்துபோனோம்.

முதல் நாள் பதினொரு மணிக்கே குடம் காலி.
இட்லிப் பானை தேய்க்க ஆறு லிட்டர் என்பது
முப்பத்தொரு வருஷம் கழித்துத் தெரிந்தது.
குடிநீர்க் கருவிக்கு டிக் போட்டேன்.
சாயங்காலம் இட்லிப் பானையை அடித்தேன்.

கட்டிலுக்கு மூன்று பக்கமும் சுவர்.
உள்பக்கம் நான்.
ஒன்றரை மணிக்கு எழுந்து வயிரவனின் முட்டியைத் தாண்டினேன்,
மூன்றரைக்கு மறுபடியும்.
வெறும் கோடுதானே, அந்தப் பக்கமாகப் போயேன்,
என்றார் தூக்கத்தில்.
சுவர், என்றேன்.
விளம்பரப் படத்தில் அதே கட்டிலில்
இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சிரிக்கிறாள்.
அவளுக்கு ராத்திரியில் எழ வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் ஏசியில் சண்டை.
ஏசி என்றால் ஜெனரேட்டர்,
ஜெனரேட்டர் என்றால் டீசல்,
டீசல் என்றால் மாதம் இருமுறை கரை, என்றார்.
கரைதான் இங்கேயே நிறைய இருக்கிறதே, என்றேன்.
அன்று இரவு விசிறி அவர் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தாம் நாள் நாற்காலி எடுக்க வந்த சிகப்பி
கடலிலிருந்து நேரே கூடத்தில் ஏறி
அடுப்பைச் சுற்றிக்கொண்டு
மறுபக்கம் கடலில் இறங்கினாள்.
"என்ன அக்கா, ரெட்டை வீடு போட்டிருக்கிறாய்?"

திரும்பிப் பார்த்தேன்.
பதினெட்டில் ஒரு பங்கு எங்களுக்கு இந்த வீட்டில்,
உள்ளறை ஒன்று, வெளியறை ஒன்று.
இரண்டிலும் தொங்குவது அவர் சட்டைகள்.

வலது வயிறு எனக்கு, என்றேன்.
இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய கட்டில்,
தலைமாட்டில் விளக்கு,
உள்ளே தாழ் உள்ள கதவு.
வயிரவன் வெகுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
வலை இருக்க வேண்டிய தரையை.
ராத்திரி எனக்கு ஏதாவது என்றால்?
கயிறு கட்டி மணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் மழை.
முற்றத்து வானத்தின் கீழ் இருந்த இடது வயிறு
வெள்ளையாகக் கரைந்து தூம்பை நோக்கி ஓடியது.
பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
என் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்.
கதவு இருக்கும் இடத்தில்
காற்றில் இரண்டு தட்டு.

எழுந்துபோய்த் தாழை விலக்கினேன்.

பதினான்காம் தேதி எழுதி அனுப்பினோம்:
குடிநீர்க் கருவி சின்னது, விசிறி ஆறு,
கட்டில் வலப்பக்கம் மட்டும் மாற்ற வேண்டும்,
தாழுக்குப் பித்தளை.
ஏசி வேண்டாம்.
கரண்டி நாங்களே கொண்டுவருவோம், ஆறு.

அனுப்பிய பிறகு ஞாபகம் வந்தது,
தோசைக் கரண்டியோடு ஏழு.